மொர்விலாக்கின் எட்டுப் புட்டிகள்

பிரான்ஸ் தேசத்தில் மொர்விலாக் என்றொரு திராட்சைத் தோட்டம் இருந்தது. இருநூற்றுப் பதினான்கு வருடத்துப் பெயர். அதன் மதுவை மூன்று ராஜாக்கள் விருந்தில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரே ஒரு வருடத்து மதுவைப் பற்றித்தான் ஊர் உலகமெல்லாம் பேச்சு. அதைக் குடித்தவர்களைவிடக் குடித்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் அதிகம். நிலவறையில் அதில் எட்டுப் புட்டிகள் மிச்சம்.

புட்டியின் தக்கை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தாங்காது. எல்லாவற்றையும் திறந்து, கெட்டுவிட்டதா என்று முகர்ந்து, புதுத் தக்கை போடவேண்டும். குறைந்துபோன அளவை அதே வருடத்து மதுவால்தான் நிரப்பவேண்டும். அதற்கு ஒரு புட்டியைப் பலி கொடுப்பார்கள். எந்தப் புட்டி என்று முதலாளி தொட்டுக் காட்டுவார். அது அந்த வீட்டு வழக்கம்.

இந்த முறை வேலை பெலவேந்திரனுக்கு வந்தது. காரைக்காலிலிருந்து போனவன். நிலவறைப் பொறுப்பாளர் ஒக்தாவிடம் பத்தொன்பது வருடம் தொழில் கற்றவன். இதைச் சரியாக முடித்தால் நிலவறை அவன் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒரு புட்டியைத் தொட்டுக் காட்டிவிட்டு, மேலே பதினோரு விருந்தாளிகளோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

தொட்ட புட்டியைத் திறந்து பெலவேந்திரன் முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான்.

அடுத்ததைத் திறந்தான். அதற்கடுத்ததையும். எட்டாவது வரை திறந்து முகர்ந்தான்.

"முசே, ஒரு சந்தேகம்" என்றான், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒக்தாவிடம்.

"கேள். மூக்கை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய், சளியா?"

"சளி இல்லை. புளித்துப்போன காடி நெடி வருகிறது."

"எதில்?"

"எட்டிலும்."

ஒக்தாவ் நாற்காலியை விட்டு எழவில்லை. "மீன்கடைத் தெருவில் வளர்ந்த மூக்கு, மொர்விலாக்கில் காடியைக் கண்டுபிடித்துவிட்டதாக்கும்!"

"அதுதான் பயமாக இருக்கிறது, முசே. இத்தனை பேர் புகழ்ந்தது தப்பா, என் மூக்கு தப்பா?"

ஒக்தாவ் எழுந்து வந்து, இரண்டாவது புட்டியின் வாயில் புனலை வைத்தார். முதல் புட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"மூக்கு தப்பென்றால் ஊற்று."

பெலவேந்திரன் சாய்த்தான். மது புட்டியின் கழுத்துவரை வந்தது. அதற்குமேல் கை சாயவில்லை.

படிக்கட்டின் உச்சியிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "என்ன ஒக்தாவ், உங்கள் ஆள் எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்துவிட்டானா?"

மேலே பலர் சிரித்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கள், முசே" என்றார் ஒக்தாவ்.

பெலவேந்திரன் குரலைத் தாழ்த்தினான். "கெட்டுவிட்டது என்று சொன்னால் என்னை அனுப்பிவிடுவாரா?"

"அனுப்பிவிடுவார்."

"ஊற்றிவிட்டால்?"

"இருபத்தைந்து வருடத்துக்கு யாரும் திறக்கமாட்டார்கள்."

அவன் புட்டியை மெல்ல நிமிர்த்திப் பிடித்தான்.

"போன தடவை முகர்ந்து பார்த்தது யார், முசே?"

"நான்."

"அப்போதே நெடி இருந்ததா?"

ஒக்தாவ் புட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்போது ஒன்பது புட்டி. முதலாளியின் அப்பா தொட்டுக் காட்டிய ஒன்றில் மட்டும்தான் இருந்தது. சொல்லப் பயந்து, அதை மற்ற எட்டிலும் ஊற்றினேன்."