தணிகாசலம் துடைத்த மேடை

"அம்மா, வரச் சொல்லட்டுமா, வேண்டாமா?"

தணிகாசலம் கேட்டார். சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்தில் காலை வழிபாடு முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த நேரம்.

கேட்டது ஆசிரமத்தை நடத்தும் வடிவம்மையிடம். வடிவம்மைக்கு அவரைவிட வயது குறைவு. அவர் நெடுஞ்சாலைத் துறையில் சேர்ந்தபோது இந்த அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார். இருந்தாலும் வருகிறவர்கள் எல்லோரும் அம்மா என்றார்கள், அவரும் அம்மா என்றார்.

"யாரை?"

"என் மகனை. மருமகளை. பேத்தியை."

"எங்க?"

"திண்டுக்கல்ல, எங்க வீட்டுக்குத்தாம்மா. பையனுக்கு வெளிநாட்டுல வேலை. போறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் வந்து தங்கிக்கட்டுமாப்பான்னு கேக்குறான். நான் இன்னும் பதில் சொல்லலை."

"ஏன்?"

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சமையலறைக் கல்லு விஷயமா ஒரு தகராறும்மா."

சொல்வதற்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு கட்டிய வீடு. சமையல் மேடைக்கு என்று ஓசூர் வரைக்கும் போய், வெயிலில் நின்று, ஒரு ரேகை ஓடாத கறுப்புக் கிரானைட்டாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார். போன தீபாவளிக்கு மருமகள் நிரஞ்சனா முறுக்குச் சுட்ட எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, நேராகக் கல்மேல் வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால் வட்டமாகக் கறை.

"அப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

"என்ன வார்த்தை?"

"உங்கப்பன் வீட்டுல சிமெண்டு மேடைதானே, உனக்கெங்க கல்லோட அருமை தெரியப்போகுதுன்னு."

வடிவம்மை பூசைத் தட்டிலிருந்த காய்ந்த பூக்களைப் பொறுக்கினார்.

"அவ ஒண்ணும் திருப்பிச் சொல்லலைம்மா. பொங்கலுக்கு முன்னாடி தனியா வாடகைக்கு வீடு பாத்துப் போயிட்டாங்க. சொன்னது தப்புதான். தெரியுது. ஆனா அவ மறுபடியும் வந்து அந்தக் கல்லுல எதையாவது வெச்சான்னா, மறுபடியும் சொல்லிருவேன். அதான் பயமா இருக்கு."

இது உண்மை. மனுஷருக்குத் தன்னைப் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது.

வடிவம்மை எழுந்தார்.

"நம்ம சமையக்கட்டுலயும் கறுப்புக் கல்லுதான். யாரோ ஒரு பக்தர் போட்டுக் குடுத்தது. அதைக் கொஞ்ச நாள் நீங்க பாத்துக்கங்க."

"பாத்துக்கிட்டா?"

"கல்லு நல்லா இருக்கும்."

"என் கேள்விக்கு..."

"எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று அம்மா போய்விட்டார்.

தணிகாசலம் நின்ற இடத்திலேயே நின்றார். மாட்டுக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்ச நேரம் யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

சமையலறைக்குள் நுழைந்ததும் அவர் நேராகக் கல்லருகே போனார்.

நல்ல கல். ஆனால் அது பட்டிருந்த பாட்டைப் பார்க்க முடியவில்லை. பிழிந்த எலுமிச்சை மூடிகள் கவிழ்ந்து கிடந்தன. ஓரத்தில் புளித்தண்ணீர் தேங்கி நின்றது. எண்ணெய்த் தூக்கு நிற்கும் இடத்தில் கருவட்டம். அடுப்படியில் கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பே போயிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, சமையல் பார்க்கும் பேச்சியம்மாளுக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் தேய்த்த மிச்சப் புளியால் கல்லையும் ஒரு கை பார்த்துவிடுவார்.

"பித்தளைக்குத்தாம்மா புளி!" தணிகாசலம் அலறினார். "கல்லுக்கு ஆகாது. புளி, எலுமிச்சை, வினிகர், எதுவுமே ஆகாது. மினுமினுப்பைத் தின்னுரும்."

"விளக்கு நல்லாத்தானே மின்னுது சார்?" என்றார் பேச்சியம்மாள்.

தணிகாசலம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கல்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். சொட்டு முத்தாக நிற்கவில்லை. மெல்லப் பரவி, உள்ளே இறங்கி, அந்த இடம் மட்டும் இன்னும் கறுத்தது. கல்லின் கண்ணுக்குத் தெரியாத துளைகளெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன என்று அதற்கு அர்த்தம். விடுகிற எதையும் குடித்துவிடும்.

தினமும் காலையில் திண்டுக்கல்லிலிருந்து வந்து அவர் வேலையில் இறங்கினார். இந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதையும் சொல்ல வேண்டும்.

பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கொஞ்சமாகக் கரைத்து மெல்லிய துணியால் துடைத்தார். எண்ணெய் வட்டத்தின்மேல் மைதாவையும் ஆப்ப சோடாவையும் களிபோலக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, ஓரத்தை ஒட்டி வைத்தார். தேய்த்தால் எண்ணெய்க்கறை போகாது. மாவு மெல்ல உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தபோது வட்டம் பாதி போயிருந்தது. மறுபடி அப்பினார். முழுதும் போனது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஞானமும் பிறந்தது. ஓடினார்.

"அம்மா, புரிஞ்சிருச்சு!"

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கறையைத் தேய்க்கக் கூடாது. தேய்ச்சா கல்லுதான் கெடும். பொறுமையா மூடி வெச்சா, உள்ள இருக்கிறது தானா வெளிய வரும். என் கோபமும் அப்படித்தான். அந்த மாவுதான் தியானம். சரிதானேம்மா?"

"மாவை எடுத்துப் போட்டுட்டீங்களா?"

"எதைம்மா?"

"அப்பின மாவை. வெச்சிருந்தா எறும்பு வரும்."

தணிகாசலம் திரும்பி வந்து மாவை எடுத்துப் போட்டார். எறும்பு என்றால் என்னவாக இருக்கும் என்று அன்று சாயங்காலம் முழுக்க யோசித்தார். ஆசையாக இருக்கலாம். உறவினர்களாகவும் இருக்கலாம்.

அடுத்து சீலர் பூசினார். கல்லின் துளைகளை அடைக்கிற மருந்து அது. கல் நன்றாகக் காய்ந்த பிறகு பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விட்டுப் பார்த்தார்.

சொட்டுச் சொட்டாக முத்து நின்றது. கல் எதையும் குடிக்கவில்லை.

இந்தத் தடவை சந்தேகமே இல்லை என்று நினைத்தார். அம்மாவிடம் போய்க் கைகட்டி நின்றார்.

"தாமரை இலைத் தண்ணி மாதிரி இருக்கணும். மகன், மருமக, பேத்தி, யாரும் உள்ள இறங்கக் கூடாது. மனசுல பட்டாலும் ஒட்டக் கூடாது. அதைத்தானே சொல்ல வர்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்?"

"அப்ப, ஒட்டணுமா?"

"சீலர் வாசம் போயிருச்சா? அது போறதுக்கு முன்னாடி சப்பாத்தி தேச்சுரப் போறாங்க."

தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. மகனிடமிருந்து இதற்குள் இரண்டாம் முறை போன் வந்திருந்தது. "அப்பா, டிக்கெட் போடணும். வரட்டுமா, இல்ல நிரஞ்சனாவோட அம்மா வீட்டுல தங்கிட்டு அப்படியே கிளம்பட்டுமா?" என்று கேட்டான். "சொல்றேன்டா" என்று வைத்துவிட்டார். எதைச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. இந்த அம்மா ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோய்விடும் என்று ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தைக் கல்லின்மேல் காட்டினார். இன்னொரு தடவை துடைத்தார்.

இனிமேல் காப்பாற்றுவதுதான் பாக்கி.

"பேச்சியம்மா, கல்லுல நேரா வெட்டாதீங்க. பலகை வெச்சு வெட்டுங்க."

"சரி சார்."

"சூடான பாத்திரத்துக்கு அடியில பிரிமனை வைங்க."

"சரி சார்."

"எலுமிச்சம்பழத்தை இங்க பிழியவே வேண்டாம். வெளிய வெச்சுப் பிழிஞ்சு எடுத்துட்டு வாங்க."

"சரி."

"மஞ்சத்தூள் டப்பா கீழ இருக்கட்டும். தாளிக்கிறப்ப தெறிக்குது பாருங்க, கொஞ்சம் தள்ளி நின்னு..."

"தள்ளி நின்னு எப்படி சார் தாளிக்கிறது?"

அவரும் யோசித்தார்.  ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கடுகு வெடித்தால் துடைத்தார். ரசம் பொங்கினால் துடைத்தார். பேச்சியம்மாள் டம்ளரை வைத்தால், வைத்த கை எடுப்பதற்குள் டம்ளரை எடுத்துத் துடைத்தார்.

ஒவ்வொரு புதுச் சட்டத்தையும் அம்மாவிடம் போய்ச் சொல்லி அனுமதி கேட்டார். தடுப்பார் என்று பார்த்தார். அம்மாவோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"கல்லைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

அது பாராட்டா, குத்தலா? தணிகாசலத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் பேச்சியம்மாள் அரிவாள்மனையையும் காய்க்கூடையையும் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அங்கே ஒரு தகரக் கொட்டகை, விழாக்காலத்தில் அன்னதானத்துக்குச் சமைக்க விறகடுப்பு. மறுநாள் அரிசி மூட்டை போனது. பிறகு அஞ்சறைப் பெட்டி போனது.

"சௌகரியமா இருக்கா பேச்சியம்மா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"புகைதான் கண்ணைக் கரிக்குது. ஆனா மனசு நிம்மதி சார்."

மனசு நிம்மதி! ஆசிரமத்தில் இந்த வார்த்தையைக் கேட்பதற்குத்தானே அவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தான் ஏதோ சரியாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

அதன் பிறகு கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பார். தரையையும் கழுவி விட்டார். அடுப்பின் பர்னர்களைக் கழற்றித் துலக்கி மாட்டினார். குனிந்து பார்த்தால் கல்லில் முகம் தெரிந்தது.

அன்று மத்தியானம் அம்மாவைக் கையோடு அழைத்து வந்தார்.

"வந்து பாருங்கம்மா. பாத்துட்டு, இன்னைக்காவது எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா மாமியார் வீட்டுக்கே போயிர்றேன்னுட்டான்."

வடிவம்மை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேடையைப் பார்த்தார். விரலால் தொட்டார்.

"ஈரமே இல்லையே."

"இருக்கக் கூடாதும்மா. நம்ம ஊரு உப்புத் தண்ணி, காய்ஞ்சா வெள்ளை படிஞ்சிரும்."

அம்மா அடுப்பைப் பார்த்தார். திருகியைத் தொட்டுப் பார்த்தார். கழுவிய தரையைப் பார்த்தார். மாடத்தைப் பார்த்தார், அங்கே தீப்பெட்டிகூட இல்லை.

அந்த நேரம் பேச்சியம்மாளும் இன்னொரு பெண்ணும் கொல்லைக் கதவு வழியாகச் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தணிகாசலத்தைப் பார்த்ததும் உள்ளே வராமல் படியருகிலேயே இறக்கி வைத்தார்கள்.

வடிவம்மை முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். பேச்சியம்மாள் அருகில் போனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரு தவறிட்டாங்க?"

பேச்சியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ! யாரும் இல்லையேம்மா!"

"வீடு கழுவி விட்டிருக்கு. அடுப்பு மூட்டலை. சோறு வெளியிலேருந்து வருது."

"அது வந்து, சாருதாம்மா..."

தணிகாசலம் முன்னால் வந்தார். எண்ணெய், புளி, மஞ்சள், சூடு என்று விளக்கமெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தார்.



படியருகில் இருந்த அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், யாரிடம் சொல்கிறோம் என்றுகூடத் தெரியாமல் சொன்னார்:

"எங்க வீட்டுக்கும் வெளியிலேருந்துதாம்மா வருது. மெஸ்ஸுலேருந்து கேரியர்ல."

"எப்பலேருந்து?"

"அவங்க போனதுலேருந்து."

"அடுப்பு?"

"மூட்டலை."

துக்கம் கேட்க வந்தவர்போல வடிவம்மை கொஞ்ச நேரம் அவருக்கு எதிரே நின்றார். பிறகு "வர்றேன்" என்று சொல்லாமலே வெளியே போனார். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.

 தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அந்தப் பக்கம் மணி அடித்தது.

"சொல்லுங்கப்பா" என்றான் மகன்.

"போனை நிரஞ்சனாகிட்ட குடுப்பா."