லாபம் வேண்டாம் சார்

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். கோட்டு போட்ட ரஞ்சித் பிரபு மேடையில் நின்று, தன் புது கிரிப்டோ நாணயத்தில் போட்ட பணம் மாதத்தில் இரட்டிப்பாகும் என்றார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் பலர் நகையை அடகு வைத்த பணத்தோடு வந்திருந்தார்கள்.

கூட்டத்துக்கு டீ கொண்டுவந்த செண்பகவல்லி அதற்கான நாலாயிரம் ரூபாயைக் கேட்டாள். அவர் மைக்கிலேயே சிரித்தார். "ரூபாய் எதுக்கும்மா? நாலாயிரத்துக்கு நம்ம நாணயமே தர்றேன். அதுதான் கிடைக்கும்."

"சரி, போடுங்க சார்" என்று போனை நீட்டினாள்.

கூட்டம் முடிவதற்குள் ஆப்பில் நாலாயிரம் ஐயாயிரமாக ஏறியிருந்தது. "பாத்தீங்களா!" என்று முழங்கினார் அவர்.

"சந்தோஷம் சார். எனக்கு லாபம் வேண்டாம். இந்த ஐயாயிரத்தை ரெண்டாயிரத்துக்கு நீங்களே வாங்கிக்கோங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப விக்க முடியாதும்மா. ஆறு மாசம் ஆகணும். எடுக்கறதுக்கு முன்னால கட்டணம் வேற கட்டணும்."

மைக் அணையவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. பெண்கள் பையை மூடிக்கொண்டு எழுந்தார்கள்.

"அப்ப கிரிப்டோ எல்லாமே பொய்யாக்கா?" என்றாள் ஒருத்தி.

"அது எனக்குத் தெரியாது தாயி. போட வழி விட்டு, எடுக்க வழி விடாத இடத்துல நான் போட மாட்டேன்."

தீப்பெட்டி ஆபீஸ் சுப்புத்தாய் மட்டும் எழவில்லை. அவள் போன வாரமே பணம் கட்டியிருந்தாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வா, போலீஸ்ல புகார் கொடுப்போம். எனக்கும் நாலாயிரம் வரணும்ல."