சாவடியில் முதலில் அழுதவர்

நெடுங்கரை நாட்டை ஒரு காலத்தில் மாகண்டராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கோபம் வந்தால் நெருப்பு, குளிர்ந்தால் இளநீர். எது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

அந்த நாட்டில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் புகுந்து, இரண்டு வருஷம் ஆட்டிப்படைத்துவிட்டுப் போயிற்று. காய்ச்சல் கண்டவரை அரண்மனை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைக்கு அனுப்பிவிட வேண்டும், வீட்டில் ஒளித்தால் கசையடி என்று ராஜா சட்டம் போட்டிருந்தான். வண்டி ஏறியவர்களில் திரும்பியவர் அபூர்வம். அதனால் ஒளித்தவர் ஏராளம். பிடிபட்ட வீட்டாரை வெளியே தள்ளி, கதவில் குறுக்குக் கட்டை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போவார் பிரதானி தாண்டவமூர்த்தி.

காய்ச்சல் ஓய்ந்ததும் ராஜாவுக்கு மனசு இளகியது. கடைவீதியில் ஆறுதல் சாவடி ஒன்றைக் கட்டினான். உறவைப் பறிகொடுத்தவர்கள் அங்கே வந்து மனசாற அழலாம், வயிறாறச் சாப்பிடலாம், நாதியற்றவர்களுக்கு மாதாமாதம் நெல்லும் துணியும் உண்டு என்று தண்டோரா போட்டார்கள்.

ஒரு மாதம் ஆயிற்று. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வடித்த சோறெல்லாம் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று.

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து வருகிறவள் மருத்துவச்சி உலகாயி என்று கேள்விப்பட்டு, அவளைக் கூட்டிவரச் சொன்னான்.

உலகாயி பயந்துகொண்டேதான் போனாள். அரண்மனை சும்மா கூப்பிடுமா? சபையில் போய்க் கும்பிட்டு நின்றபோது, யார் முகத்தில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தாள்.

"ஜனங்களுக்குத் துக்கமே இல்லையா, உலகாயி?" என்றான் ராஜா.

"இருக்கு, மகாராசா. பயமும் இருக்கு."

"அழ வருகிறவர்களுக்கு என்ன பயம்?"

"யாரு செத்தான்னு கேட்டா சொல்லிடலாம். எங்கே செத்தான்னு அடுத்த கேள்வி வருமே! வீட்டிலேன்னா கசையடி. அழுகையே வாக்குமூலமாப் போயிடும்."

பிரதானி கனைத்தார். "பார்த்தீர்களா பிரபு? நான் சந்தேகப்பட்டது சரி. குற்றவாளிகளுக்குச் சாவடி எதற்கு? அந்த இடத்தை என் யானைக் கொட்டிலுக்குக் கொடுத்துவிடுங்கள்."

ராஜா யோசித்தான். "வெள்ளிக்கிழமை நானே சாவடிக்கு வருவேன். அன்றைக்கு ஒருவராவது அங்கே அழ வேண்டும். இல்லையென்றால் யானைக் கொட்டில்தான்."

புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு பட்டினி கிடந்த எத்தனையோ பெண்கள் உலகாயிக்குத் தெரியும். அந்த நெல் போய்விட்டால் அவர்கள் கதி?

"ஒரு வாக்குக் கொடுங்க, மகாராசா. முதல்ல அழுறவங்க என்ன குத்தம் பண்ணியிருந்தாலும் தண்டனை கூடாது."

"கூடவே கூடாது!" என்று குதித்தார் பிரதானி. "யாரையோ தப்பவைக்கப் பார்க்கிறாள்!"

ராஜாவின் கண் சுருங்கியது. "யாரை?"

"யாரா இருந்தாலும்னுதான் கேக்கறேன். பிரதானி ஐயாவே அழுதாலும் சரி."

சபை கொல்லென்று சிரித்தது. சிரித்த வேகத்தில் ராஜா வாக்குக் கொடுத்துவிட்டான். பிரதானி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ராஜாவின் காதில் ஏதோ ஓதினார். 'முதல் ஆளுக்குத்தான் வாக்கு, அடுத்து அழுகிறவர்களுக்கு இல்லை என்று கணக்குப் போடுகிறார்' என்று உலகாயி ஊகித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் பத்துப் பெண்கள் அவளை நம்பிச் சாவடிக்கு வந்தார்கள். வந்தார்களே தவிர, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ராஜா ஆசனத்தில் இருந்தான். பிரதானியைக் காணோம். காற்றே இல்லை, ஆனால் பின்புறத் திரை மட்டும் அசைந்தது. அதன் அடியில் சரிகை வைத்த செருப்பு ஒரு ஜோடி தெரிந்தது. பக்கத்தில், அழுகிறவர்கள் பேரை எழுதிக்கொள்ள வந்திருந்த எழுத்தரின் வெறுங்கால்.

உலகாயி திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஒருத்தர் கதை சொல்றேன். பேரு வேண்டாம்" என்று ஆரம்பித்தாள். "அம்மா இல்லாத அவரை எடுத்து வளர்த்தது அக்கா. அக்காவுக்குக் காய்ச்சல் கண்டப்போ, வண்டியில ஏத்த மனசு வரல. நெல்லுக் குதிருக்குப் பின்னால ஒளிச்சு வெச்சார். மூணாம் நாள் வீதியில காவலாளுங்க சத்தம். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தா. இவர் பதறிப்போய் வாயைப் பொத்தினார். சத்தம் தாண்டிப் போனதும் கையை எடுத்தார். அக்காவுக்கு மூச்சு இல்லை."

பெண்கள் தலை குனிந்தார்கள்.

"பொழுது சாயறப்போ என்னைக் கூப்பிட்டார். நான்தான் குளிப்பாட்டினேன். 'அவ என்ன சொல்ல வந்தா, உலகாயி?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். எனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் உடைந்தது. "தண்ணிதான் கேட்டிருப்பா! ஒரு வாய் தண்ணி... நான் குடுக்கலையே, அக்கா!"

எழுத்தர் பயந்துபோய்த் திரையை விலக்கினார். பிரதானி தாண்டவமூர்த்தி தரையில் உட்கார்ந்து, தலைப்பாகையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

ராஜா எழுந்து நின்றான். "ஊரார் கதவில் ஆணி அடித்த கையா இது?" என்று கையை ஓங்கிக் கர்ஜித்தான்.

"வாக்கு, மகாராசா" என்றாள் உலகாயி மெல்ல.

ராஜாவின் கை இறங்கியது. பிறகு சொன்னான்: "தண்டனை இல்லை. ஆனால் தாண்டவா, எத்தனை கதவில் ஆணி அடித்தாயோ, அத்தனையையும் உன் கையாலேயே பிடுங்கு. ஒவ்வொரு வீட்டாரையும் நீயே உள்ளே அழைத்துப் போ. ஒளித்ததற்காக இனி இந்த நாட்டில் யாருக்கும் கசையடி கிடையாது. இந்தச் சாவடி உலகாயியின் பொறுப்பு. இங்கே எழுத்தருக்கு வேலை இல்லை."

அதைக் கேட்டதும் ஒரு பெண் தேம்பினாள். பிறகு இன்னொருத்தி. சாவடி முழுக்க ஒரே ஓலம்.

ராஜாவுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். "உலகாயி, நீயும் புருஷனைப் பறிகொடுத்தவள் என்கிறார்கள். நீ எங்கே ஒளித்தாய்? இனிமேல் பயமில்லை, சொல்."

உலகாயி அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் ஒளிக்கல, மகாராசா. உங்க கட்டளைக்குப் பணிஞ்சு, நானே கையைப் பிடிச்சு வண்டியில ஏத்திவிட்டேன். நிச்சயமா திரும்பி வருவீங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். அவரும் நம்பித்தான் போனார்."

ராஜா ஆசனத்தை விட்டு இறங்கி, அந்தப் பெண்களுக்கு நடுவே வெறுந்தரையில் உட்கார்ந்தான். சமையல்காரர் வந்து சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டு தடவை சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை.