முதல் மடக்கு குடிச்ச ஞானப்பூ

ஒரு ஊர்ல ஒரு ஞானப்பூ இருந்தா. கால போர்வைக்குள்ள இழு ஷைனி, கொசு தின்னுரும். பெரியம்மா சொல்லச் சொல்ல நீ ‘ம்’ போடணும், சரியா?

“ம்.”

அந்த ஊரு வேதக்கோயில்ல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம நற்கருணை. ஒரே பாத்திரம். எல்லாரும் வரிசையா முழங்கால் போட்டு, அப்பம் வாங்கித் தின்னுட்டு, அதுலதான் ஆளுக்கு ஒரு மடக்கு திராட்சரசம் குடிக்கணும். ஞானப்பூ பட்டுச்சேல சரசரன்னு ஓடிப்போய், மொத ஆளா முழங்கால் போட்டுருவா.

“அவ்வளவு பக்தியா பெரியம்மா?”

பக்தி எங்க, வீம்பு. கீழத்தெரு ஆளுக வாய் வச்ச பாத்திரத்துல அவ வாய் வைக்கமாட்டாளாம்.

அப்போ அவ ஒத்த மகன் ஜெபசிங், கீழத்தெரு ரூபியக் கலியாணம் கட்டிட்டான். “அவளோட இந்த வாசப்படி ஏறாத”ன்னுட்டா. அவனும் போயிட்டான். அப்புறம் அவங்களுக்கு ஒரு ஆம்பளப் பிள்ள பொறந்துச்சு. பேரன் மூஞ்சிய இவ பாக்கவே இல்ல. பாக்கணும்னு ஆச ஆசயா இருக்கும். சோறு வடிக்கயில, அவனுக்குப் பல்லு மொளச்சிருக்குமோன்னு நெனப்பா. யார்ட்ட போய்க் கேப்பா?

ஒரு மாசம், நற்கருணைக்குப் போறப்போ பின் பெஞ்சுல ரூபியோட பிள்ள ‘ங்ஙா’ன்னு அழுதுச்சு. திரும்பணும்போல இருந்துச்சு. திரும்பல. மொத ஆளா குடிச்சிட்டு வந்துட்டா.

அடுத்த மாசம் பிள்ள ‘கெக்கெக்கே’ன்னு சிரிச்சுது. பாதி வழியில அப்படியே நின்னுட்டா. பக்கத்து வீட்டு எஸ்தர், “என்ன மதினி, ஓட்டத்துல பிந்திட்டீங்க”ன்னா. வெடுக்குனு போய் குடிச்சா. அன்னைக்கு சோறே எறங்கல.

தூங்கிட்டியா?

“ம்ஹூம்.”

மூணாவது மாசம் மணி டாண் டாண்ணு அடிச்சுது. அவ எந்திக்கல. “முட்டு வலியா மதினி?”ன்னா எஸ்தர். “நீங்க போங்க”ன்னுட்டா. எல்லாருக்கும் கடைசியா ஜெபசிங்கும் ரூபியும் போனாங்க. அப்போதான் எந்திச்சுப் போய் ரூபி பக்கத்துல முழங்கால் போட்டா.

ரூபி பதறிட்டா. மெதுவா, “அத்த, நீங்க முன்னால குடிங்க. நான் பெறவு குடிக்கேன்”ன்னா.

ரூபிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு பாத்தியா. இத்தன வருசமும் தெரிஞ்சிருக்கு. ஞானப்பூவுக்கு மூஞ்சி தீயா எரிஞ்சுது.

“நீ குடி. ஒனக்குப் பெறவுதான் நான்.”

அப்போ பாதிரி ஐயர் அப்பத்தோட வந்துட்டாரு. அப்பம் வாங்க ரெண்டு கையும் வேணும்லா? ரூபி கையில பிள்ள. ஞானப்பூ கைய நீட்டுனா. ரூபி கொஞ்ச நேரம் அவளயே பாத்தா. அப்புறம் குடுத்தா. அவன் இவ்வளவு கனமா இருப்பான்னு ஞானப்பூவுக்குத் தெரியாது.

ரூபி பாத்திரத்துல குடிச்சா. ஐயர் எப்பவும்போல விளிம்பத் துணியால தொடைக்கப் போனாரு. “தொடைக்காதீங்க ஐயா”ன்னா ஞானப்பூ. கை ரெண்டுலயும் பிள்ள. ஐயர்தான் பாத்திரத்த அவ வாயில சாய்ச்சாரு.

“பெறவு ரூபி ஞானப்பூ வீட்டுக்கு வந்தாளா?”

கூப்புட்டா. ரூபி ஒடனே வரல. “மொதல்ல நீங்க எங்க வீட்டுக்கு வாங்க அத்த”ன்னா. நியாயந்தான? அன்னைக்கு மத்தியானமே கீழத்தெருவுக்குப் போனா. ரூபி போட்ட சோத்த, பேரன மடியில வச்சிக்கிட்டே தின்னா.

அவ பசியும் தீந்துது, என் கதையும் தீந்துது. கண்ண மூடு பிள்ள.