மதுரகண்டன் பாடிய தப்பு வரி

மாலை ஐந்தே கால் மணி. வழுக்குப்பாறை மடுவில் தலைகுனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த விலங்குகள் முப்பத்தேழு. மேலே நாவல் மரக் கிளையில் பாடிக்கொண்டிருந்தவர் வித்துவான் மதுரகண்டன். அவர் ஒரு குண்டுகரிச்சான் குருவி.

அது சித்திரை மாதம். ஆறு வற்றிவிட்டது. காட்டில் அந்த ஒரு மடுவில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அந்தத் தண்ணீரில் கொறடன் என்ற முதலையும் மிஞ்சியிருந்தது.

தண்ணீர் குடிக்கத் தலை குனிந்தால் முதலை வருவது தெரியாது. நிமிர்ந்து முதலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் குடிக்க முடியாது. ஆகவே காட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் கிளையில் உட்கார்ந்து, தண்ணீரைக் கவனித்தபடி பாட வேண்டும். பாட்டுக் கேட்கும்வரை குடிக்கலாம். பாட்டு நின்றால் ஓட வேண்டும்.

பாடுகிறவருக்குச் சம்பளம் அந்த நாவல் மரத்துப் பொந்து. அடிமரத்தைச் சுற்றித் தண்ணீர் கிடந்ததால் பாம்பு அண்டாத பொந்து அது ஒன்றுதான். அதில் இப்போது நான்கு முட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் வித்துவானின் மனைவி சாம்பவி உட்கார்ந்திருந்தாள்.

மதுரகண்டனின் பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு தொல்லை மட்டும் உண்டு. அவர் நடுவில் நிறுத்துவார். உச்சிக்குப் போய், கண்ணை மூடி, மூன்று மூச்சு நேரம் சும்மா இருப்பார். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் விலங்குகள் விழுந்தடித்து ஓடின. மான்கள் நான்கு நாள் தண்ணீர் குடிக்காமலே வீடு திரும்பின. வித்துவானுக்குக் கோபம் வந்துவிட்டது. அது நிறுத்தம் இல்லை, பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அங்கே ஓடுவது காட்டுமிராண்டித்தனம் என்று விளக்கினார். விலங்குகள் பயந்து, ரசிக்கக் கற்றுக்கொண்டன.

அன்று ஐந்தே கால் மணிக்கு மதுரகண்டன் நிறுத்தினார். முப்பத்தேழும் ரசித்தன. காட்டுப்பன்றி தலையை ஆட்டி “ஆகா” என்றது. அடுத்த நொடி கொறடன் மேலே வந்தான். மாசாணன் என்ற நரி உயிர் தப்பினான். அவனுடைய வாலில் பாதி தப்பவில்லை.

மறுநாள் காலை கூட்டம் கூடியது. தலைமை காட்டெருமை பெத்தண்ணன். முதலையைப் பார்த்த உடனே தாம் பாட்டை நிறுத்திவிட்டதாக மதுரகண்டன் வாதாடினார். அதற்குச் சாட்சியும் முப்பத்தேழு பேர் இருந்தார்கள்.

“நிறுத்துனீங்க சாமி, இல்லேங்கல,” என்றான் மாசாணன், மிச்ச வாலை எல்லாருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு. “முந்தாநேத்து பதினோரு தடவ நிறுத்துனீங்க. எதுக்கு ஓடுறது, எதுக்குத் தலையாட்டுறதுன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?”

வித்துவான் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் புதருக்குள்ளிருந்து ஏழு தவிட்டுக்குருவிகள் ஒன்றாகக் குதித்து வந்தன. எப்போதும் ஏழாகவே திரியும், ஏழும் ஒரே நேரத்தில் பேசும் அக்கா தங்கைகள். மூத்தவள் சில்லாயி. தங்களிடம் ஒரு பாட்டு இருப்பதாகவும், அதில் நிறுத்தம் என்ற பேச்சே கிடையாது என்றும் அவள் சொன்னாள். பெத்தண்ணன் யோசித்தார். மூன்று நாள் இவர்கள் பாடட்டும் என்றார். குறை வராவிட்டால், நான்காம் நாள் காலை பொந்து இவர்களுக்கு.

முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வீடு மாற முடியாது. அது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை.

அன்று மாலை தவிட்டுக்குருவிகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்து, இடுப்பை ஆட்டிப் பாடின.

“ஒரு வாய் குடி, மறு வாய் குடி,
ஓரமா நின்னு ஒய்யாரமா குடி,
தாகம் தீந்தா தள்ளி நில்லு,
டிங்கிடி டிங்கிடி டிங்கிடி டி!”

அவ்வளவுதான் பாட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து அதையே பாடின.

முதல் நாள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். இதெல்லாம் ஒரு பாட்டா என்று காட்டுப்பன்றி கேட்டது. இரண்டாம் நாள் காலை அதே பன்றி கிழங்கு தோண்டும்போது ‘டிங்கிடி’க்கு ஒரு தோண்டு வீதம் தோண்டியது. மத்தியானம் பெத்தண்ணன் அசை போட்டுக்கொண்டே முனகினார். மான்குட்டிகள் வரிசையாக நின்று பின்காலை உதறின. நிழலில் படுத்திருந்தவர்களின் வால்கூடத் தாளம் தவறாமல் ஈ ஓட்டியது.

ஊர்ப்பக்கம் கல்யாண மண்டபத்தின் பின்புறம் இலை பொறுக்கப் போய் வருகிறவன் மாசாணன். உலக விஷயம் தெரிந்தவன். டவுனில் இதற்குப் பாப் பாட்டு என்று பெயர் என்றான்.

“அப்படின்னா?” என்றார் பெத்தண்ணன்.

“மத்த பாட்டெல்லாம் பாடுறவனுக்குச் சொந்தம். இது கேக்குறவனுக்குச் சொந்தம். ஒரு தடவ கேட்டாப் போதும், கடைசி வரைக்கும் குடியிருக்கும். காலி பண்ண முடியாது.”

காலி பண்ணுவது என்ற பேச்சு காதில் விழுந்ததும் மதுரகண்டன் விருட்டென்று பறந்தார். அவர் பொந்துக்குத் திரும்பி, மனைவியிடம் அந்தப் பாட்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டினார். மொத்தமே நாலு வரி. புதிதாக ஒரு சொல் கிடையாது. போன இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்து என்ன வரும் என்று ஆமைக்குக்கூடத் தெரிகிறது. காது கேட்பதற்குள் கால் ஆட ஆரம்பித்துவிடுகிறது. அலுப்புத் தட்டும் முன்பே முடிந்துவிடுகிறது. கூட்டத்தில் யார் பாடினாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

சாம்பவி பொறுமையாகக் கேட்டாள். “எல்லாம் சரிதாங்க. இதுல எது குத்தம்னு சொல்லவே இல்லையே?”

“இத்தனையும் குற்றம்தான்.”

“நாலு வரியையும் மனப்பாடமா வச்சிருக்கீங்க.”

“திட்டுவதற்காக வைத்திருக்கிறேன்,” என்றார் வித்துவான்.

அவள் முட்டைகளைத் திருப்பிப் போட்டாள். திருப்பும்போது மெல்ல ஏதோ முனகினாள். ‘ஒய்யாரமா’ என்ற இடத்தில்தான் அவருக்கு அது என்ன பாட்டு என்று புரிந்தது. அவர் வெளியே போய், பட்ட கிளை ஒன்றில் தனியாக உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்துத் தம்முடைய வலது கால் என்ன செய்கிறது என்று பார்த்தார். அதை இடது காலால் மிதித்து நிறுத்தினார்.

மூன்றாம் நாள் மாலை. இன்றும் குறை இல்லாமல் முடிந்தால் நாளைக்குப் பொந்து போய்விடும். மதுரகண்டன் பட்ட கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாடும் வேலை இல்லாததால் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மடுக்கரையில் அன்று திருவிழாக் கூட்டம். தவிட்டுக்குருவிகள் முதல் வரியைத் தொடங்கியதும் முப்பத்தேழு விலங்குகளும் சேர்ந்து பாடின. வாயில் தண்ணீர் இருந்தவை மூக்கால் பாடின. சில்லாயியும் தங்கைகளும் கூட்டத்தைப் பார்த்து ஆடினார்களே தவிர, தண்ணீரைப் பார்க்கவில்லை.

மதுரகண்டன் தண்ணீரைப் பார்த்தார். மடுவின் நடுவில் குமிழிகள் வந்தன. மூன்று குமிழி, மூன்று குமிழி, மூன்று குமிழி, கடைசியில் ஒன்று. டிங்கிடி டிங்கிடி டிங்கிடி டி. அப்படி ஒரு குமிழியை அவர் பார்த்ததே இல்லை. குமிழிகள் கரையை நோக்கி நகர்ந்தன. அதற்கு நேர் எதிரே மான்குட்டிகள் நின்றிருந்தன.

கொஞ்சம் தாமதமாகச் சில்லாயியும் பார்த்துவிட்டாள். ஏழு பேரும் ஒரே நொடியில் பாட்டை நிறுத்தினார்கள்.

பாட்டு நிற்கவில்லை. முப்பத்தேழு தொண்டைகள் அதை இழுத்துக்கொண்டு போயின. கிளையில் ஏழு வாய் மூடியது யாருக்கும் தெரியவில்லை. சில்லாயி கத்தினாள். ஏழும் கத்தின. கூட்டம் அதையும் பாட்டின் புது ரகம் என்று நினைத்து இன்னும் உற்சாகமாக ஆடியது.

மதுரகண்டனுக்கு ஒன்று விளங்கியது. இங்கே மௌனம் கேட்காது. சத்தமும் கேட்காது. ஆனால் இந்தப் பாட்டின் ஒவ்வொரு எழுத்தும் இந்த முப்பத்தேழு பேருக்கும் தெரியும். அதில் ஒரு கல் கிடந்தால் எல்லார் பல்லிலும் படும்.

பிறந்தது முதல் அவர் ஒரு தப்புச் சுரம் பாடியதில்லை. அதற்காகவே வித்துவான் என்று அழைக்கப்பட்டவர். அவர் பொந்தைப் பார்த்தார். சாம்பவி தலையை வெளியே நீட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் மறுபடி முதல் வரிக்கு வந்தது. “ஒரு வாய் குடி, மறு வாய் குடி...”

“தாகம் தீந்தா தள்ளி நில்லு!” என்று மதுரகண்டன் பாடினார். இரண்டாம் வரி வர வேண்டிய இடத்தில் மூன்றாம் வரி. சுருதியும் அரை இறக்கம். காடே கேட்கும்படி பாடினார்.

பாட்டு இடறி விழுந்தது. முப்பத்தேழு தலைகளும் எரிச்சலோடு நிமிர்ந்தன.

“யார்ரா அது, தப்பாப் பாடுறது?” என்றார் பெத்தண்ணன்.

நிமிர்ந்த தலைகள் குமிழிகளைப் பார்த்தன. அடுத்த நொடி கரையில் புழுதி மட்டும் இருந்தது. கடைசி ‘டி’க்குப் பாய்வதற்காக வாயைத் திறந்து வைத்திருந்த கொறடன், ‘டி’ வராததால் ஒரு கணம் தடுமாறி, சேற்றைக் கடித்தான்.

“இரண்டாவது வரி அது இல்லையே,” என்றான் கொறடன், சேற்றைத் துப்பிக்கொண்டு.

அன்றே மேட்டின்மேல் கூட்டம் கூடியது. தவிட்டுக்குருவிகள் தினமும் பாட வேண்டும், எல்லாரும் சேர்ந்து பாடலாம் என்று முடிவாயிற்று. மதுரகண்டன் பாட வேண்டியதில்லை. தண்ணீரைப் பார்க்க வேண்டும். முதலை தெரிந்தால் மட்டும் அவர் ஒரு வரியைத் தப்பாகப் பாட வேண்டும். தப்பு வரி கேட்டால் ஓட்டம். அந்த வேலைக்குப் பொந்து அவருக்கே. தவிட்டுக்குருவிகள் தங்களுக்குப் புதரே போதும் என்றன. ஏழு பேரும் அந்தப் பொந்தில் அடங்க மாட்டார்கள் என்பதை அப்போதுதான் அளந்து பார்த்திருந்தார்கள்.

அவமானமாக இருக்கிறது என்று வித்துவான் வீட்டில் சொன்னார். இத்தனை வருஷச் சாதகத்துக்குப் பிறகு, தப்பாகப் பாடுவதற்கு ஓர் உத்தியோகம்.

“இத்தனை வருஷத்துல நீங்க பாடினதுல எல்லாருக்கும் புரிஞ்சது அந்த ஒரு வரிதாங்க,” என்றாள் சாம்பவி.

அவர் நாளைக்கு வேண்டியிருக்கும் என்று, நான்காம் வரியை எங்கே இடம் மாற்றிப் போட்டால் காது கூசும் என்று யோசிக்கத் தொடங்கினார்.

எல்லார் வாயிலும் ஓடும் எளிய பாட்டை இகழ்கிறவன் ஆபத்து வேளையில் பேசுவதற்கு ஒரு பொதுமொழியை இழக்கிறான். அதிலேயே மயங்கிக் கிடக்கிறவனோ எதிரே வரும் ஆபத்தைப் பார்க்கும் கண்ணையே இழக்கிறான்.

வைகாசி ஐந்தாம் தேதி காலை ஆறரை மணிக்கு மதுரகண்டனின் நான்கு குஞ்சுகளும் பொந்தை விட்டுப் பறந்தன. நான்கும் டிங்கிடி பாடிக்கொண்டே போயின.