செண்பகவல்லியின் மாத்திரைகள்

பூவலிங்கம் அன்றைக்கு மடத்துக்குப் போனது திருநீறு வாங்கத்தான்.

ஆற்றங்கரையில் இருந்த சின்ன மடம் அது. அதை நடத்திவந்தவர் மங்கையர்க்கரசி அம்மை. வயதில் பூவலிங்கத்தைவிட நன்றாகவே இளையவர். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பூவலிங்கம் அவரையே குருவாக வரித்துக்கொண்டார். அம்மை இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை அம்மா என்பார்.

"செண்பகவல்லி மறுபடியும் விழுந்துட்டா அம்மா" என்று மனைவியைப் பற்றிச் சொன்னார் பூவலிங்கம். "அடுப்படியில எந்திரிச்சு நின்னவ அப்படியே சரிஞ்சுட்டா. நெத்தியில காயம்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"எந்த டாக்டர் அம்மா? நம்ம ஊர் டாக்டர் பிரஷர்னு ஒரு மாத்திரை கொடுத்தார். அது பத்தாதுன்னு மகன் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். அவரும் கொடுத்தார். ரெண்டையும் நான் நேரம் தவறாம கொடுக்கேன். ஆனா அவ படுக்கையிலேயே கிடக்கா."

"ரெண்டும் எதுக்குன்னு கேட்டீங்களா?"

"படிச்சவங்ககிட்ட எப்படி அம்மா கேக்கது?"

"ஊர் டாக்டர் மாத்திரையைப் பத்தி டவுன் டாக்டருக்குத் தெரியுமா?"

பூவலிங்கம் தலை குனிந்தார். "அங்கயும் போனியான்னு சத்தம் போடுவாரேன்னு சொல்லலை."

நெரிசல் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களை ஒரே அதட்டில் உள்ளே ஏற்றியவர் அவர். டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

"இனி எந்த டாக்டர் சொல்றதைக் கேக்கணும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மா. அப்படியே செய்யுதேன்."

அம்மை எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, "கையை நீட்டுங்க" என்றார்.

பூவலிங்கம் வலது கையை நீட்டி, இடது கையை அடியில் தாங்கினார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைப் பொடி விழுந்தது. கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். அம்மை கொடுத்த தண்ணீரையும் குடித்தார். தொண்டை வரைக்கும் துவர்த்தது.

"பிரசாதமா அம்மா?"

"இல்லை."

"பின்ன?"

"ஒரு பொடி."

பூவலிங்கம் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "என்ன பொடி அம்மா?"

அம்மை தண்ணீர்ச் சொம்பை மூடி வைத்தார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கே. ஒத்துக்கிடுமா? காலையில அதுக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கேன். அதோட இதைச் சாப்பிடலாமா? வயித்தைப் புரட்டினா என்ன செய்ய?"

"கடுக்காய்ப் பொடி அண்ணாச்சி. நானும் காலையில சாப்பிட்டேன். இந்தச் சிட்டிகை உங்களை ஒண்ணும் செய்யாது."

பூவலிங்கத்துக்கு மூச்சு வந்தது.

"என்கிட்ட இத்தனை கேள்வி கேட்டீங்களே, பயமா இல்லையா?"

"வயித்துக்குள்ள போயிருச்சே அம்மா! கேக்காம எப்படி இருக்க?"

"ஆமா" என்றார் அம்மை. திருநீற்றுத் தட்டை எடுத்து நீட்டினார்.

பூவலிங்கம் ஆற்றங்கரையோடு நடந்தார். பாதி வழியில் நின்றார். பிறகு வேகமாக வீட்டுக்குப் போனார். வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் வாரிப் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, செண்பகவல்லியை டவுனுக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் முன்னால் மேசையில் பையைக் கவிழ்த்தார்.

"இதெல்லாம் இவ சாப்பிடுறது சார். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு சொல்லுங்க."

"வெளியில எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

"பார்த்தேன் சார். ஆனா இவ விழுந்துக்கிட்டே இருக்கா. தெரிஞ்சுக்கிடாம போகமாட்டேன்."

டாக்டர் சலிப்போடு அட்டைகளைப் புரட்டினார். இரண்டை எடுத்து அருகருகே வைத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இதை யார் கொடுத்தது?"

"எங்க ஊர் டாக்டர்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை. நானும் சொல்லலை."

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற, அதனால பேரும் வேற. இவங்க ரெட்டிப்பா சாப்பிட்டிருக்காங்க. அதான் பிரஷர் இறங்கி மயங்கி விழுறாங்க."

செண்பகவல்லியைப் படுக்க வைத்துச் சோதித்தார். பிறகு ஒன்றை நிறுத்தினார். மற்றதை எப்போது, எவ்வளவு, எதற்கு என்று பூவலிங்கம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நெற்றிக் காயம் ஆறி, செண்பகவல்லி நடமாடத் தொடங்கிய பிறகு இருவரும் மடத்துக்கு வந்தார்கள். மடத்துப் படிகளில் அவள் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். பூவலிங்கம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அம்மை செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார். "இப்ப எப்படி இருக்கு அக்கா?"

"நல்லா இருக்கா அம்மா" என்றார் பூவலிங்கம். "தலைசுத்தல் அறவே இல்லை."

"சாப்பாடு பிடிக்குதா அக்கா?"

"ரெண்டு வேளை நல்லா சாப்பிடுதா. ராத்திரிக்குத்தான் வேண்டாம்பா."

"டாக்டர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"எல்லாம் நானே பேசிட்டேன் அம்மா. அவளுக்கு என்ன தெரியும், பாவம்."

அம்மை செண்பகவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"டவுன் மாத்திரை போட்ட மறுநாளே தலை சுத்துதுன்னு இவுககிட்ட சொன்னேன்" என்றாள் செண்பகவல்லி மெதுவாக. "வெயில்ல நின்னிருப்பேன்னு சொல்லிட்டாக."

பூவலிங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற ஏதாவது இருக்கா அக்கா?"

"இடது கால் அப்பப்ப மரத்துப்போகுது. கொஞ்ச நாளாவே. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

பூவலிங்கம் பதறி எழுந்தார். "நாளைக்கே டாக்டர்கிட்ட போய் நான் சொல்லுதேன் அம்மா!"

"நீங்க கூடப் போங்க அண்ணாச்சி" என்றார் அம்மை. "கால் அக்காவோடது."