நெட்டையம்பாளையத்தின் நாற்பத்தோராவது விதி

நெட்டையம்பாளையம் தீயணைப்பு நிலையத்தில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாலு பேரும் ரொம்ப நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஊருக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு சித்திரை மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து புத்தகம் ஒன்று வந்தது. ‘பணியிடப் பாதுகாப்பும் உடல்நலமும்: நாற்பது விதிகள்’ என்று அட்டையில் போட்டிருந்தது. தாலுகா ஆபீஸ், நூலகம், தீயணைப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் அதே புத்தகம்தான். தனித்தனியாக எழுத அங்கே யாருக்கும் நேரமில்லை. கூடவே ஒரு கடிதம். ஆடி மாதம் மதிப்பீட்டு அதிகாரி வருவார், விதிகளைக் கடைப்பிடிக்காத நிலையம் மூடப்படும், ஆட்கள் ஆளுக்கொரு மூலைக்கு மாற்றப்படுவார்கள்.

நிலைய அலுவலர் சென்னியப்பனுக்கு மாற்றல் என்றாலே ஆகாது. பத்தொன்பது வருஷமாக அவருக்கு அதே ஊர், அதே நாற்காலி. அன்றைக்கே மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் புத்தகத்தை உரக்கப் படித்தார்.

“விதி ஏழு. ஏணியை எப்போதும் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.”

“எப்பவுமாங்க சார்?” என்றார் குப்பணன்.

“எப்பவும்னுதான் போட்டிருக்குது.”

“ஆரும் மேல ஏறலைன்னாலுமுங்க?”

டிரைவர் மாரண்ணன் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். “ஏறுற ஆளு உழுகாம இருக்கத்தான் புடிக்கோணும்னு எழுதலீங்களே. ஏணி உழுகாம இருக்கறதுக்காவும் இருக்கலாமுங்க.”

ஏணி அப்போது தரையில் படுத்துக் கிடந்தது. அதற்கு மேல் விழ அதற்கு இடமில்லை. ஆனாலும் குப்பணன் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் அவர் சம்சாரம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போனாள். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஊட்டியதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

விதி பத்தொன்பது, ஈரத் தரையில் நடக்கக் கூடாது, காயும்வரை காத்திருக்க வேண்டும் என்றது. அடுத்த வாரமே மேற்கால தோட்டத்தில் ஒரு வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. போனார்கள். ஒரு நிமிஷம் தண்ணீர் பீய்ச்சினார்கள். தரை ஈரமாகிவிட்டது. குழாயை மூடிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் தரை சீக்கிரமே காய்ந்தது. வைக்கோல் போர் அதைவிடச் சீக்கிரம் எரிந்து முடிந்தது.

ஆடி பிறந்தது. பேய்க்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரம் மதிப்பீட்டு அதிகாரி வானதி வந்து இறங்கினார். கையில் ஒரு அட்டை, அட்டையில் படிவம், படிவம் நிறையக் கட்டங்கள்.

“இந்த மூணு மாசத்துல ஊழியர்களுக்குக் காயம் எத்தனை?”

“ஒண்ணுகூட இல்லீங்க மேடம்.”

“அருமை. தீ விபத்து?”

“அது நெறய இருக்குதுங்க.”

“அணைச்சது எத்தனை?”

சென்னியப்பன் அட்டையை எட்டிப் பார்த்தார். “அதுக்கு உங்க படிவத்துல கட்டம் இருக்குதுங்களா?”

வானதி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். “இல்லையே.”

“அப்பறம் எதுக்குங்க மேடம் அந்தப் பேச்சு.”

அதுவும் சரிதான் என்று வானதிக்குப் பட்டது. மேலே எழுதத் தொடங்கியபோது போன் அடித்தது. ஊர்க்கோடியில் தேங்காய் நார் மில் வைத்திருக்கும் மரகதம் அலறினாள். நார்க் குவியல் எரிகிறது, காற்று கொட்டகைப் பக்கமாக அடிக்கிறது, கொட்டகைக்குள் மிஷின் எல்லாம் இருக்கிறது, பன்னிரண்டு பொம்பளைகளின் பிழைப்பு அதில்தான்.

சென்னியப்பனும் மாரண்ணனும் நாலாவது ஆளான பொங்கியண்ணனும் வண்டியில் ஏறினார்கள். நேரிலேயே மதிப்பிடலாம் என்று வானதியும் ஏறிக்கொண்டார். குப்பணன் மட்டும் ஏணியைப் பிடித்தபடி நிலையத்திலேயே இருந்தார்.

மில்லுக்குப் போனால் நார்க் குவியல் ஒரு பக்கம் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. பொங்கியண்ணன் புத்தகத்தைப் பிரித்தார்.

“விதி ஒண்ணு. தீயைக் கண்டால் பதறாமல் வெளியேறி, கூடும் இடத்தில் ஒன்றுசேர்ந்து, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுக்கவும்.”

பதறாமல் வெளியேறினார்கள். ‘கூடும் இடம்’ என்று எழுதிய பலகையை வண்டியிலேயே கொண்டுவந்திருந்தார்கள். அதை ஒரு வேப்பமரத்தில் சாய்த்துவைத்து அதன் அடியில் வரிசையாக நின்றார்கள். வானதி தலையை எண்ணி, கட்டத்தில் டிக் போட்டார். சென்னியப்பன் செல்போனை எடுத்து நிலையத்துக்கு அடித்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவைதான் எடுத்தார்கள்.

“வணக்கமுங்க, நெட்டையம்பாளையம் தீயணைப்பு நிலையமுங்க.” குப்பணனுக்கு மூச்சு வாங்கியது. “ஏணிய உடக் கூடாதுங்களே, அதையும் இழுத்துக்கிட்டு வர நேரமாயிருச்சுங்க. எங்கீங்க தீ?”

“மரகதம் நார் மில்லுலப்பா. சீக்கிரம் வண்டிய அனுப்பு.”

“வண்டி வெளிய போயிருக்குதுங்களே.”

“எங்க போயிருக்குது?”

“மரகதம் நார் மில்லுக்குத்தானுங்க.”

சென்னியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. மரகதத்தைப் பார்த்து, “கவலப்படாதீங்க அம்மிணி. வண்டி அப்பவே கெளம்பிருச்சாமா!” என்றார்.

மரகதம் அவரைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். கொட்டகைக் கூரையில் பொறி விழுவதைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் வண்டியிலிருந்து குழாயை உருவினாள். வேலைக்கு இருந்த பொம்பளைகள் ஓடிவந்து கூடப் பிடித்தார்கள்.

“தண்ணி எங்க தொறக்கறது?”

“அந்தச் செவப்புச் சக்கரத்தத் திருப்புங்க அம்மிணி,” என்று மாரண்ணன் மரத்தடியிலிருந்தே மரியாதையாகச் சொன்னார். “ஆனா நீங்க ஹெல்மெட் போடலீங்க.”

முக்கால் மணி நேரத்தில் தீ அடங்கியது. பாதி நார் கரியாகிவிட்டது. கொட்டகை தப்பியது. மரகதம் சேற்றில் அப்படியே பொத்தென்று உட்கார்ந்தாள். புகையில் கண் சிவந்து, உள்ளங்கை கொப்புளித்திருந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

“அறிவிருக்குதாடா உங்களுக்கு?”

பொங்கியண்ணன் புத்தகத்தைப் புரட்டினார். “நாப்பது விதியிலயும் அதக் கேக்கலீங்க அக்கா.”

“அப்ப நாஞ் சொல்றேன், எழுதிக்குங்க! நெருப்பக் கண்டா ஆரையும் கேக்காம, ஒரு நிமிசங்கூட யோசிக்காம, தண்ணிய அடிங்க! பத்த வெச்சவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலுஞ் சரி!”

படிவத்தில் ‘பொதுமக்கள் கருத்து’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. வானதி அதில் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். நிலையத்துக்குத் திரும்பியதும் சென்னியப்பன் அதையே நாற்பத்தோராவது விதியாகச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். நாலு பேரும் மனப்பாடம் செய்தார்கள்.

முடிவு வந்தபோது மாவட்டத்திலேயே நெட்டையம்பாளையம்தான் முதலிடம். ஊழியர் காயம் பூஜ்யம். மரகதத்தின் கொப்புளம் கணக்கில் வரவில்லை, அவள் ஊழியர் இல்லையே. நிலையமும் பிழைத்தது, சென்னியப்பனின் நாற்காலியும் பிழைத்தது.

பாராட்டு விழா மாவட்டத் தலைநகரில் ஒரு மைதானத்தில் நடந்தது. பரிசு வாங்கும் வண்டி எல்லோருக்கும் தெரியட்டும் என்று மாலை போட்டு மேடைக்கு எதிரிலேயே நிறுத்தியிருந்தார்கள். நாலு பேரும் சலவைச் சட்டையில் விறைப்பாக நின்றார்கள், குப்பணன் ஏணியைப் பிடித்தபடி. சென்னையிலிருந்து வந்திருந்த உயரதிகாரி சிறப்பு விருந்தினர். நாதஸ்வரம் முழங்க அவர் எழுந்து, மெழுகுவர்த்தியை வாங்கி, ஐந்து முகக் குத்துவிளக்கை ஏற்றத் தொடங்கினார்.

முதல் திரி எரிந்தது. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாவது திரி எரிந்தபோது குழாய் தயாராக இருந்தது.

அவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஒரு நிமிஷங்கூட யோசிக்கவில்லை. குத்துவிளக்கு மேடைக்குப் பின்னால் போய் விழுந்தது. சிறப்பு விருந்தினர் நாதஸ்வரக்காரர் மடியில் போய் விழுந்தார்.

சாயங்காலமே சென்னியப்பன் அறிக்கை எழுதி அனுப்பிவிட்டார்: ‘இன்று ஒரே இடத்தில் ஆறு தீ விபத்துகள். ஆறும் பதினோரு விநாடியில் அணைக்கப்பட்டன. ஐந்து விளக்கில் இருந்தன. ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றவர் பிடிபட்டுள்ளார். தன்னை உயரதிகாரி என்று சொல்லிக்கொள்கிறார்.’